இமயப் பள்ளத்தாக்கின் திருவிழாவும் புறநாட்டு விருந்தினரும்

ஒரு நாட்டின் வரலாறு அரசர்தம் ஆட்சியாண்டுகளிலும் போர்க்களச் செய்திகளிலும் மாத்திரம் அடங்கிவிடுவதன்று. மக்கள் ஆண்டுதோறும் ஓரிடத்திற் கூடிக் கொண்டாடும் திருவிழாக்களிலும் அது உறைந்து கிடக்கின்றது. கல்வெட்டும் ஏடும் சொல்லாது விட்டவற்றைச் சில வேளைகளில் விழாக்கள் சொல்லும். இவ்வுண்மையை நன்கு விளக்கவல்ல நாடுகளுள் ஒன்று, இமயப் பெருமலைத் தொடருக்கு வடக்கே, சிந்து நதியின் மேற்பாகத்தில் அமைந்த இலடாக்கு ஆகும்.

இக்காலத்தில் இந்நாட்டு மடங்களின் விழா நாட்களை முன்னரே அறிந்து, அந்நாட்களுக்கு இயையப் பயணத்தை வகுத்து, வழிகாட்டி ஒருவரின் துணையுடன் உல்லாசப் பிரயாணிகளைப் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் பெருகியுள்ளது. இப்பயணங்களை விளம்பரஞ் செய்வோர், உலகத் தொடர்பற்று, காலத்தின் கை படாது, தொன்மை மாறாது நின்ற நாடு என்று இலடாக்கைப் புகழ்வர். இப்புகழுரை வரலாற்றோடு எத்துணை பொருந்தும்? விழாவைக் காண வந்த விருந்தினரால் விழாவுக்கு நேர்ந்தது யாது? இவ்விரு வினாக்களும் ஆராயத்தக்கன.

முதற்கண் நாட்டின் இயல்பை நோக்குவோம். தலைநகராகிய லே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீற்றர் உயரத்தில் உள்ளது. இமயத்தின் மறுபுறத்தில் இருத்தலால் பருவமழை இங்கு எட்டுவதில்லை. பனிமலைகள் உருகி வரும் நீரைச் சிறு வாய்க்கால்களால் வயல்களுக்குத் திருப்பி, ஆண்டிற்கு ஒரு போகம் வாற்கோதுமை விளைவித்தே மக்கள் வாழ்ந்து வந்தனர். நீண்ட குளிர்காலத்தில் நிலம் உறைந்துவிடும். உழவுத் தொழில் நின்றுவிடும். ஆதலினாலேதான் இந்நாட்டு மடங்களின் விழாக்களிற் பெரும்பாலானவை குளிர்காலத்தில் அமைந்தன. உழவனுக்கு ஓய்வுள்ள காலமே விழாக் காலம் என்பது இங்கு எழுதாச் சட்டம்.

திபேத்தியப் பேரரசு ஒன்பதாம் நூற்றாண்டிற் சிதைவுற்றது. பௌத்தத்தைப் பகைத்தவன் என மரபு கூறும் லங்தர்மா என்னும் மன்னன் 842 ஆம் ஆண்டளவிற் கொல்லப்பட்டான். அவன் வழிவந்த நீமகோன் என்பான் மேற்குத் திசை சென்று புதிய அரசொன்றை நிறுவினான். அவன் மக்கள் மூவருள் மூத்தவனுக்கு இலடாக்கு உரித்தாயிற்று. அடுத்த நூற்றாண்டில் ரின்சென் சங்போ (958-1055) என்னும் பேரறிஞர் வடமொழிப் பௌத்த நூல்களைத் திபேத்திய மொழியிற் பெயர்த்து, இம்மலைநாடுகளிற் சமயத்தை மீண்டும் தழைக்கச் செய்தார். ஸ்பித்திப் பள்ளத்தாக்கிலுள்ள தாபோ மடம் 996 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதன் சுவரோவியங்கள் இன்றும் அக்காலத்தின் சான்றுகளாய் நிற்கின்றன.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட செங்கே நம்கியால் காலத்தில் இலடாக்கு தன் உச்சநிலையை அடைந்தது. லே நகரில் ஒன்பது மாடங்கொண்ட அரண்மனை எழுந்ததும் இவன் காலத்தேயாம். இவ்வரசன் ஆதரவுடன் தக்சங் ரஸ்பா என்னும் துறவி, லே நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தூரத்தில், மலைமடிப்பொன்றினுள் ஹெமிஸ் மடத்தை அமைத்தார். இம்மடம் துருக்பா மரபினது. அம்மரபு தன் குருபரம்பரையைத் திலோபர், நாரோபர் என்னும் இந்திய சித்தர் வரை கொண்டு செல்கின்றது. இம்மடத்தின் பெருவிழா பதினெட்டாம் நூற்றாண்டில், அரசகுலத்திற் பிறந்து துறவு பூண்ட மடாதிபதி ஒருவரால் வழக்குக்குக் கொணரப்பட்டதென்பர். ஆகவே, தொன்மை மாறாதது எனப்படும் இவ்விழாவுங்கூட ஒரு காலத்தில் ஒருவரால் தொடக்கப்பட்டதே என்பது கருதற்பாலது.

திபேத்திற்குப் பௌத்தத்தைக் கொணர்ந்தவராகப் போற்றப்படும் பத்மசம்பவரின் பிறந்தநாளையொட்டி, திபேத்தியப் பஞ்சாங்கத்தின் ஐந்தாம் மாதத்துப் பத்தாம் நாளில் ஹெமிஸ் விழா தொடங்கி இரு நாட்கள் நடைபெறும். அது யூன் அல்லது யூலை மாதத்தில் வரும். விதைப்பு முடிந்து அறுவடை தொடங்காத இடைக்காலம் அது. மடத்தின் நீண்ட முற்றத்தில், மனிதனிலும் நீளமான எக்காளங்களும் தாளமும் முரசும் முழங்க, பட்டாடையும் முகமூடியும் அணிந்த துறவிகள் 'சாம்' எனப்படும் ஆடலை நிகழ்த்துவர். பத்மசம்பவரின் எட்டு வடிவங்களும் முற்றத்தில் எழுந்தருளும். எலும்புக்கூட்டு வடிவினராய்ச் சுடலைக் காவலர் தோன்றுவர். மாவினாற் செய்த உருவமொன்று ஈற்றில் வெட்டிச் சிதைக்கப்படும். அவ்வுருவம் புறப்பகைவன் எவனையும் குறிப்பதன்று. மனத்தகத்துள்ள அகந்தையும் அறியாமையுமே அங்கு வெட்டுண்பன. ஆடுவோர்க்கு இஃது ஒரு கூத்தன்று. பன்னாள் தியானத்தின் பின் இயற்றப்படும் வழிபாடு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, குரங்கு ஆண்டில், பெரிய துணியோவியமொன்று மடத்தின் முகப்பில் விரிக்கப்படும். 1980, 1992, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் அஃது இவ்வாறு விரிக்கப்பட்டது.

சாம் ஆடல்களுள் கருந்தொப்பி ஆடல் தனிச்சிறப்புடையது. அகன்ற கருந்தொப்பியும் நீண்ட கைகளையுடைய அங்கியும் அணிந்து, அங்கியினுள் வில்லை மறைத்து வந்த துறவி ஒருவர் லங்தர்மாவைக் கொன்ற செய்தியை இவ்வாடல் நினைவூட்டுவதாக மரபு கூறும். இலடாக்கு மன்னர்களோ அதே லங்தர்மாவின் வழித்தோன்றல்கள். தம் மூதாதை வீழ்ந்ததை நினைவூட்டும் ஆடலை, அம்மன்னர்கள் தம் ஆதரவு பெற்ற மடங்களிற் போற்றி வளர்த்தனர். குலப்பெருமையினும் அறத்தை மேலாகக் கொண்ட ஒரு நாட்டின் உள்ளத்தை ஏடுகளினும் தெளிவாக இவ்வாடல் காட்டுகின்றதன்றோ?

இனி, இந்நாடு உலகத் தொடர்பற்றுக் கிடந்தது என்னும் கூற்றை நோக்குவோம். லே நகரம் நெடுங்காலம் வணிகச் சாத்துக்களின் சந்தி. வடக்கே யார்க்கந்திலிருந்தும், கிழக்கே லாசாவிலிருந்தும், மேற்கே காஷ்மீரிலிருந்தும், தெற்கே பஞ்சாபிலிருந்தும் வந்த வணிகர் அந்நகர்க் கடைத்தெருவிற் கூடினர். திபேத்திய மேட்டுநிலத்து ஆடுகளின் மெல்லிய உரோமம் இவ்வழியே காஷ்மீரை அடைந்து உலகப் புகழ்பெற்ற சால்வைகளாயிற்று. 1684 ஆம் ஆண்டளவிற் செய்யப்பட்ட திங்மோஸ்காங் உடன்படிக்கையின்படி, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை இலடாக்கிலிருந்து லாசாவுக்கு வணிகத் தூதுக்குழு சென்று வந்தது. இத்தூதின் பொறுப்பை முஸ்லிம் வணிகக் குடும்பத்தினரும் ஏற்று நடத்தியுள்ளனர். லே நகரின் பெரிய பள்ளிவாசல் பதினேழாம் நூற்றாண்டினது. இன்றும் இலடாக்கு மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் முஸ்லிம்கள். 'பௌத்தப் பள்ளத்தாக்கு' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடத்தக்க நாடன்று இது.

அவ்வாறாயின், ஒதுங்கிய நாடு என்னும் பெயர் எங்ஙனம் வந்தது? 1834 ஆம் ஆண்டில் சொராவர் சிங் தலைமையில் வந்த டோக்ராப் படையினால் இலடாக்கு தன் சுதந்திரத்தை இழந்தது. 1846 ஆம் ஆண்டின் பின் சம்மு காஷ்மீர் அரசின் பகுதியாயிற்று. ஆயினும் வணிகம் தொடர்ந்தது. 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையும் அதனைத் தொடர்ந்த போரும் மேற்கு வழிகளை அடைத்தன. 1949 ஆம் ஆண்டளவில் யார்க்கந்து வணிகம் அற்றது. 1959 ஆம் ஆண்டின் பின் திபேத்துக்குச் செல்லும் வழி மூடப்பட்டது. உயர்கல்விக்காக ஆங்குள்ள பெருமடங்களுக்குச் செல்லும் இளந்துறவிகளின் பயணமும் அத்துடன் நின்றது. 1962 ஆம் ஆண்டில் இந்திய சீனப் போர் மூண்டது. நான்கு திசையும் திறந்து கிடந்த நாடு பதினைந்தே ஆண்டுகளில் ஒரு முட்டுச்சந்தாயிற்று. எனவே இலடாக்கின் தனிமை தொன்மையின் சின்னமன்று. இருபதாம் நூற்றாண்டு அரசியலின் விளைவேயாம்.

முன்னைய ஐரோப்பியப் பயணிகளும் இவ்விழாவைக் கண்டெழுதினர். 1820 ஆம் ஆண்டில் வில்லியம் மூர்குரொவ்ட் இலடாக்கை அடைந்து இரண்டாண்டுகள் தங்கினார். அந்நூற்றாண்டின் இறுதியில் ஈ. எவ். நைட் என்னும் ஆங்கிலேயர் ஹெமிஸ் விழாவைத் தம் நூலில் வருணித்தார். அக்காலத்து ஐரோப்பியர் பலர் சாம் ஆடலுக்கு இட்ட பெயர் 'பேயாட்டம்' என்பதாகும். இலங்கையின் தென்பகுதியில் நிகழும் தொவில் சடங்குகளையும் அவர்கள் இதே பெயராலேயே அழைத்தனர். பொருள் விளங்காத வழிபாடெல்லாம் அவர்களுக்குப் பேயாட்டமாகவே தோன்றிற்று. பெயரிடும் உரிமை காண வந்தோர் கையிற் சென்றதன் முதல் விளைவு இது.

1974 ஆம் ஆண்டில் இந்திய அரசு இலடாக்கை வெளிநாட்டுப் பிரயாணிகளுக்குத் திறந்துவிட்டது. அவ்வாண்டில் வந்தோர் சில நூற்றுவரே. எல்லையை அடுத்த நுப்ரா முதலிய பள்ளத்தாக்குகள் 1994 ஆம் ஆண்டிற் சிறப்பு அனுமதியின் பேரில் திறக்கப்பட்டன. 2018 ஆம் ஆண்டில் வந்தோர் தொகை மூன்று இலட்சத்தைக் கடந்தது. 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலடாக்கின் முழுக்குடித்தொகை 2,74,289 ஆகும். ஓராண்டில் வந்த விருந்தினர் தொகை வீட்டாரின் தொகையை விஞ்சிவிட்டது என்பதை இவ்விலக்கங்கள் தெளிவாக்கும்.

இதனால் விழாக்களுக்கு நேர்ந்த மாற்றங்களுள் முதன்மையானது காலமாற்றம். குளிர்காலத்தில் மலைக்கணவாய்கள் பனியால் மூடப்படுதலின், பிரயாணிகள் கோடையிலேயே பெரிதும் வருவர். கோடையில் நிகழும் ஹெமிஸ் விழா உலகப் புகழ் பெற்றது. குளிர்கால விழாக்களோ அயலார் கண்ணிற் படாதனவாயின. இது கண்டு சில மடங்கள் தம் விழாவைக் கோடைக்கு மாற்றிக்கொண்டன. மடத்துக்கு வருவாய் கூடிற்று. பழுதுற்ற சுவர்களைப் புதுக்கவும் வழி பிறந்தது. ஆனால் கோடை உழவனுக்கு ஓய்வில்லாக் காலம். எவன் கண்டு நலம் பெறுதற்பொருட்டு முகமூடிகள் முற்றத்திற்கு வந்தனவோ, அவ்வுழவன் வயலில் நிற்க, எங்கிருந்தோ வந்தவர் முற்றத்தை நிறைக்கும் நிலை உருவாயிற்று. இஃது ஒரு சிறு மாற்றமன்று. விழா எவருக்குரியது என்னும் அடிப்படை வினாவை இது எழுப்புகின்றது.

இரண்டாவது மாற்றம் நோக்கின் மாற்றம். கிராமத்து முதியவள் செபமாலையை உருட்டிக்கொண்டு முகமூடிகளை வணங்குவாள். இறந்தபின் ஆன்மா இடைவழியிற் காணவிருக்கும் அச்ச உருவங்களை உயிரோடிருக்கும்போதே கண்டு பழகுதல் அவளுக்கு ஒரு பயிற்சி. புகைப்படக் கருவியை ஏந்தி முன்வரிசைக்கு நெருங்குபவர்க்கோ அது வண்ணக்காட்சி மாத்திரமே. இருவரும் ஒரே முற்றத்திலிருந்து ஒரே ஆடலைக் காண்கின்றனர். ஆயினும் காண்பது ஒன்றன்று.

நேபாள நாட்டின் மூஸ்தாங் பிரதேசம் இதனோடு ஒப்பிடத்தக்கது. 1992 ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டபோது, பயணத்துக்குத் தலைக்கு உயர்ந்த கட்டணம் விதிக்கப்பட்டது. வழிகாட்டியின்றிச் செல்லுதலும் தடைசெய்யப்பட்டது. அதன் தலைநகராகிய லோ மந்தாங்கில் மூன்று நாட்கள் நிகழும் தீஜி விழா, நாட்டை வறட்சியால் வாட்டிய அரக்கனாகிய தந்தையை மகனே வென்று மக்களைக் காத்த கதையை ஆடிக்காட்டுவது. உயர்ந்த கட்டணத்தினாற் கூட்டம் குறைந்தது உண்மையே. ஆனால் அக்கட்டணத்திற் பெரும்பங்கு தம்மை வந்தடையவில்லை என்பது அந்நாட்டு மக்களின் நெடுநாட் குறையாயிருந்தது. தொகையைக் குறைப்பது மாத்திரம் பரிகாரமாகாதென்பதை இது காட்டும்.

சிலர், விழாக்கள் மாறவே கூடாது என்பர். வரலாறு அதனை ஒப்பவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு மடாதிபதி தொடங்கிய விழாவை இருபத்தோராம் நூற்றாண்டில் அம்மடத்தார் மாற்றியமைத்தல் தகாதெனக் கூறும் உரிமை புறத்தார்க்கு இல்லை. வேறு சிலர், வருவாய் பெருகின் எம்மாற்றமும் நன்றே என்பர். அதுவும் ஏற்கத்தக்கதன்று. மாற்றம் நிகழ்ந்ததா என்பதன்று வினா. எவர் விருப்பால், எவர் பொருட்டு நிகழ்ந்தது என்பதே வினா. மடமும் ஊரும் கூடித் தேர்ந்த மாற்றம் மரபின் வளர்ச்சியாகும். பயண நிறுவனத்தின் நாட்குறிப்புக்கு இயைய நேர்ந்த மாற்றம் மரபின் தேய்வாகும்.

இவ்விடத்து வழிகாட்டியின் கடமை பெரிது. இலடாக்கு இளைஞர் பலர் இன்று இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர். கிராமத்து இல்லங்களிலேயே விருந்தினரைத் தங்கவைத்து, வருவாயை அவ்வில்லத்துப் பெண்களிடமே சேர்ப்பிக்கும் முறையும் சில பள்ளத்தாக்குகளில் நன்கு வேரூன்றியுள்ளது. வெட்டப்படும் மாவுருவம் யாது, கருந்தொப்பி எதனை நினைவூட்டுகின்றது, வணிகச் சாத்துக்கள் எவ்வழியே சென்றன, அவ்வழிகள் ஏன் மூடப்பட்டன என்பவற்றை எடுத்துரைக்கும் வழிகாட்டி, விருந்தினரைக் காட்சியினின்று கருத்துக்கு அழைத்துச் செல்கின்றான். 'காலம் தீண்டாத நாடு' என்று கூறி அமைபவனோ, அந்நாட்டு மக்களின் ஆயிரம் ஆண்டு வரலாற்றை ஒரு சொல்லால் அழித்துவிடுகின்றான்.

முற்றத்தில் இறுதியாக வெட்டுண்பது அகந்தை என மடத்தார் கற்பிப்பர். அக்கல்வி ஊரார்க்கு மாத்திரம் உரியதன்று. பிறர் விழாவைக் காணச் செல்வோர், அது தமக்கென நிகழ்வதன்று என்பதை உணர்ந்து, வீட்டார்க்கு முன்னிடம் விட்டுப் பின்வரிசையில் அமர்வாராயின், காணச் சென்ற பயனை அவர்களும் பெறுவர்; விழாவும் தனக்குரியாரிடத்தே நிலைபெறும்.