‘கியர் பாக்ஸே போச்சு’னு சொன்னதும் தலையாட்டாதீங்க! - பழைய ஆட்டோமேட்டிக் கார் கைடு

காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் படப்பையிலிருந்து ஒரகடம் வரை கார் ஓட்டியிருக்கிறீர்களா? முன்னால் கம்பெனி பஸ், பக்கத்தில் கன்டெய்னர் லாரி, இடுக்கில் புகுந்து போகும் பைக்குகள். கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது கால் மரத்துப்போனவர்கள்தான், ‘செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கிடலாம்’ என்ற முடிவுக்கு வருகிறார்கள். தப்பில்லை. ஆனால், வயசான ஆட்டோமேட்டிக் ஒருநாள் ‘டி’ போட்டும் நகராமல் அடம்பிடிக்கும். ஷெட்டுக்குக் கொண்டுபோனால், ‘கியர் பாக்ஸே போச்சு, மாத்தணும்’ என்று ஒரு தொகை சொல்வார்கள். கேட்டதும் தலை சுற்றும்.

அங்கேதான் நிதானம் வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் நகரவில்லை என்றாலே முழு கியர் பாக்ஸும் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. ஒரு சென்சார், ஒரு கிளட்ச் பிளேட், ஏன், வீக்கான பேட்டரிகூட காரணமாக இருக்கலாம். எது என்று தெரிவதற்கு முன்னால் பாக்ஸை இறக்க ஓகே சொல்லாதீர்கள். இந்தக் கட்டுரையில் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாலே போதும்.

முதல்ல, உங்க காரில் இருப்பது எந்த வகை?

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றில்லை. மொத்தம் நான்கு வகை. சுவாரஸ்யம் என்னவென்றால், நான்குமே நம்ம ஏரியா தொழிற்சாலைகளில் இருந்து வந்திருக்கின்றன.

டார்க் கன்வெர்ட்டர்: இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஐ10 ஆட்டோமேட்டிக்கில் இருந்தது இந்த வகை, 4 ஸ்பீடு. இன்ஜினின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும். பொதுவாக நீடித்து உழைக்கும். ஆயிலைக் கவனிக்காமல் விட்டால்தான் சிக்கல்.

சிவிடி: ஒரகடத்தில் தயாரான நிஸான் மைக்ராவில் 2013-ல் வந்தது. தனித்தனி கியர்களே கிடையாது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு ஸ்டீல் பெல்ட் ஓடும்.

ஏஎம்டி: அதே ஒரகடத்தில் இருந்து 2016-ல் வந்த ரெனோ க்விட் ஏஎம்டி இந்த வகை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக ‘ஆக்சுவேட்டர்’ என்ற கருவி கிளட்ச்சை மிதித்து கியர் போடும். நான்கில் ரிப்பேர் செலவு பொதுவாகக் குறைவாக இருப்பது இதில்தான்.

டிசிடி: சிங்கபெருமாள் கோவில் வழியாகப் போனால் வரும் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட், 2013-ல் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுடன் இந்த கியர் பாக்ஸில் வந்தது. இரண்டு கிளட்ச்; ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படை கியர்களுக்கு ஒன்று. ஆயிலில் நனையாத ‘டிரை கிளட்ச்’ வகையென்றால், ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் சீக்கிரம் சூடாகும்.

எந்த வகை என்பது காரோடு வந்த மேனுவல் புத்தகத்தில் இருக்கும். வகை தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது.

கார் கொடுக்கும் சிக்னல்கள்

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போவதில்லை. முன்கூட்டியே சொல்லும். நாம்தான் கண்டுகொள்ள மாட்டோம்.

* ‘பி’-யில் இருந்து ‘டி’ அல்லது ‘ஆர்’-க்கு மாற்றினால், ஒன்றிரண்டு நொடி யோசித்துவிட்டு ‘டக்’கென்று இடித்து கியர் விழுகிறதா? டார்க் கன்வெர்ட்டரில் ஆயில் குறைவு, அழுத்தக் குறைவு, உள் தேய்மானம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம்.
* ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஆர்பிஎம் ஏறுகிறது, கார் இழுக்கவில்லையா? ஸ்லிப் ஆகிறது. இதைத் தள்ளிப்போடவே கூடாது.
* நின்று கிளம்பும்போது கார் நடுங்குகிறதா? டிசிடி, ஏஎம்டி என்றால் கிளட்ச் பக்கம் சந்தேகப்படலாம்.
* ஏஎம்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘என்’-க்குத் தாவுகிறதா, டிஸ்ப்ளேயில் கியர் எழுத்து மின்னுகிறதா? ஆக்சுவேட்டர், சென்சார், கிளட்ச், பேட்டரி என எல்லாமே சந்தேகப் பட்டியலில் வரும்.
* சிவிடியில் வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஊளைச் சத்தமும் உதறலும் வந்தால், உடனே காட்டிவிடுங்கள்.
* ஒரே கியரில் மாட்டிக்கொண்டு வேகம் ஏற மறுக்கிறதா? அது ‘லிம்ப் மோட்’. பாக்ஸைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் போடும் தடை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சில நேரம் சரியானது போலத் தெரியும். சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

பேட்டரி வோல்டேஜை முதலில் செக் பண்ணச் சொல்லுங்கள். குறிப்பாக ஏஎம்டியில், பேட்டரி வீக்கானால் ஆக்சுவேட்டர் தடுமாறும். அடுத்தது இன்ஜின் மவுன்ட். அது தேய்ந்தாலும் கியர் இடிப்பது போலவே இருக்கும். ஸ்பார்க் பிளக் பிரச்னையில் வரும் உதறலைக் கூட கியர் பாக்ஸ் கோளாறு என்று நினைத்துவிடுபவர்கள் உண்டு.

பிறகு, ஸ்கேன். ‘பி0700’ என்ற கோடு வந்தால், கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ தவறு பதிவாகியிருக்கிறது என்று மட்டுமே பொருள். எது என்று சொல்ல அதோடு இன்னொரு கோடு இருக்க வேண்டும். ‘பி0730’ என்றால் கியர் விகிதம் சரியில்லை. ‘பி0218’ என்றால் பாக்ஸ் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டே இல்லாமல் ‘பாக்ஸ் மாத்தணும்’ என்றால், வேறு இடத்தில் காட்டுங்கள்.

ஆயில் சொல்லும் உண்மை

டிப் ஸ்டிக் இருக்கும் காரில் ஆயிலை நீங்களே பார்க்கலாம். சமதளத்தில், மேனுவல் சொல்லும் முறையில் பாருங்கள். இன்ஜின் ஓட வேண்டுமா, ஆஃப் ஆக வேண்டுமா என்பது காருக்குக் கார் மாறும். டார்க் கன்வெர்ட்டர் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. கறுத்துப்போய் தீய்ந்த வாடை வந்தால் உள்ளே கிளட்ச்கள் தேய்ந்திருக்கலாம். பால் கலந்த ரோஸ் நிறம் என்றால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் நின்ற தண்ணீர் நமக்கு மறந்திருக்காது. முழுகி எழுந்த கார்கள் பாலிஷ் போட்டதும் புதுசு போலத்தான் இருக்கும்.

ஆயில் மாற்றும் இடைவெளிக்கு மேனுவலில் ‘கடினப் பயன்பாடு’ என்று தனி அட்டவணை இருந்தால், அதைப் பின்பற்றுங்கள். வெயிலில் நின்று நின்று போகும் நம்ம ரோடு அதில்தான் வரும். சிவிடிக்கு சிவிடி ஆயில் மட்டுமே. ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று வேறு ஆயிலை ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் வீண். ஏற்கெனவே ஸ்லிப் ஆகும் பாக்ஸை ஆயில் மாற்றி மட்டும் காப்பாற்ற முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நடுரோட்டில் நின்றுவிட்டால்?

ஹசார்ட் லைட் போட்டு ஓரம் கட்டுங்கள். கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். டார்க் கன்வெர்ட்டர், சிவிடியில் இன்ஜின் ஓடினால்தான் ஆயில் பம்ப் ஓடும். ஆயில் இல்லாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் நல்லா இருந்த பாகமும் போய்விடும். காரை முழுசாக மேலே ஏற்றிச் செல்லும் வண்டியைக் கேளுங்கள். தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் இவற்றில் வேலைக்கு ஆகாது.

ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033-க்கு அழைத்து உதவி கேட்கலாம். வண்டலூர் - வாலாஜாபாத் ரோடு மாநில நெடுஞ்சாலை. அங்கே உங்கள் இன்ஷூரன்ஸில் உள்ள ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எண்தான் கைகொடுக்கும். இப்பவே போனில் சேவ் பண்ணிடுங்க.

ஷெட்டில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எந்தப் பாகம் போயிருக்கிறது? அதை மட்டும் மாற்ற முடியுமா?
2. ஸ்பேர்ஸ் கிடைக்குமா, எத்தனை நாள் ஆகும்? (மைக்ரா, எக்கோஸ்போர்ட் போல தயாரிப்பு நின்ற கார்களுக்கு இது ரொம்ப முக்கியம்.)
3. கிளட்ச் மாற்றிய பிறகு ஸ்கேனர் வைத்து ‘ரீலேர்ன்’ பண்ணித் தருவீர்களா? ஏஎம்டி, டிசிடியில் இதைச் செய்யாவிட்டால் புது கிளட்ச்சும் இடிக்கும்.
4. எஸ்டிமேட்டில் லேபர், ஆயில், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்ததா?
5. வாரன்டி எவ்வளவு? எழுத்தில் கிடைக்குமா?

புதுப்பேட்டையில் பழைய கியர் பாக்ஸ் வாங்கிப் போடலாம் என்று யோசனை சொல்வார்கள். அதே மாடல், அதே இன்ஜின், அதே கோடு உள்ள பாக்ஸா என்று உறுதி செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

‘நீங்க ஓட்டுற விதம்தான் காரணம்’ என்று சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பவர்ஷிஃப்ட் டிசிடி புகார்களுக்கு வாடிக்கையாளர்களின் ஓட்டும் முறையையே காரணம் காட்டிய ஃபோர்டு நிறுவனத்துக்கு, 2018-ல் அங்குள்ள நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

ரிப்பேரா, விற்பனையா?

இன்ஷூரன்ஸ் வரும் என்று நம்பியிருக்காதீர்கள். வழக்கமான மோட்டார் பாலிசியில் தேய்மானமும் மெக்கானிக்கல் கோளாறும் சேராது. எனவே கணக்கு உங்களுடையது.

நல்ல நிலையில் உங்கள் கார் 2.5 லட்சத்துக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். பில் 40,000 என்றால், இன்ஜினும் பாடியும் நன்றாக இருந்தால் செய்துவிடலாம். பில் 1.3 லட்சம் என்றால், இப்போதுள்ள நிலையிலேயே என்ன விலை கிடைக்கும் என்று இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். 15 வருஷம் நெருங்கும் காரென்றால் ஆர்சி புதுப்பிக்கும் செலவையும் கூட்டுங்கள். லோன் போட்டு ரிப்பேர் செய்யும் முன், இ.எம்.ஐ முடியும்வரை இந்தக் கார் ஓடுமா என்று ஒருமுறை யோசியுங்கள். விற்பதென்றால் கோளாறைச் சொல்லியே விற்றுவிடுங்கள். அடுத்து வாங்குபவரும் நம்மைப் போல சம்பளம் வாங்கும் ஆள்தான்.

காசு வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். சொந்த ஊர் திருநெல்வேலியாக இருந்தாலும் ஒரகடத்தில் வேலை என்றால் காஞ்சிபுரத்திலேயே கொடுக்கலாம். அதற்கு பில்லும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையில் வேண்டும்.

நாளையிலிருந்து செய்ய வேண்டியது

மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி காரை நிறுத்தி வைக்காதீர்கள், பிரேக் பிடியுங்கள். டிராஃபிக்கில் அங்குலம் அங்குலமாக ஊராமல், கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரேயடியாக நகருங்கள். கார் முழுசாக நின்ற பிறகே ‘டி’-யில் இருந்து ‘ஆர்’-க்கு மாற்றுங்கள். பார்க் செய்யும்போது முதலில் ஹேண்ட் பிரேக், அப்புறம் ‘பி’.

காலையில் வண்டியை எடுக்கும்போது, நின்ற இடத்தில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். சொட்டு தெரிந்த அன்றே காட்டினால் ஒரு சீல் மாற்றுவதோடு முடியலாம். ஆறு மாதம் கழித்துக் காட்டினால் பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கும்.