நொய்யல் கரையில் ஒரு பட்டறை ஊர்

திருப்பூர்ப் பனியன் கடல் கடந்து விற்பதை நீங்கள் அறிவீர்கள். கடற்கரையே இல்லாத இவ்வட்டாரத்தின் சரக்கு கப்பலேறுவது நேற்றுத் தொடங்கிய செய்தியன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு அப்படி ஓர் ஊர் இருந்தது. அதுதான் கொடுமணல்.

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் உள்ள சிற்றூர் அது. ‘கொடுமணம்’ என்று இதனைக் குறிப்பிடும் பதிற்றுப்பத்து, இவ்வூர் அணிகலன்களைப் புகழ்கிறது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்குப் பலமுறை அகழ்ந்தனர். அவர்கள் கண்டவற்றுள் சிறந்தவை பட்டறைகளே.

இங்கு ஏன் பட்டறைகள்? நிலத்தைப் பாருங்கள். அருகிலுள்ள படியூரில் பெரில் என்னும் நீலப்பச்சைக் கல் கிடைத்தது. சிவன்மலைப் பக்கம் குருந்தக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என வழங்குவது இத்தமிழ்ச் சொல்லே. ஒரு கல்லை அதனினும் கடினமான கல்தான் தேய்க்கும். கடின அளவில் பெரில் ஏறத்தாழ 8, குருந்தம் 9, வைரம் 10. தேய்ப்பதற்கு உரியதும் தேய்க்க உதவுவதும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில்! சூதுபவளமோ இங்கு விளைவதன்று. அது குசராத்துப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்பர். ஒரே ஈமக்குழியில் அதன் மணிகள் 2,000க்கு மேல் கிடைத்தன.

எஃகும் செய்தார்கள். தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். மூடிய மண்குகையில் கரியுடன் காய்ச்சினால், கரி இரும்பில் கலந்து உருகுநிலை குறையும்; உறுதியான எஃகும் கிட்டும். அத்தகைய குகைகளும் உலைகளும் இங்கு வெளிப்பட்டன. நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. ‘கண்ணன் ஆதன்’ போன்ற பெயர்கள் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கானவை. எழுத்து அரண்மனையோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இவையே சான்று.

சரக்கு எவ்வழிச் சென்றது? மேற்கு மலைத்தொடரில் இயற்கை விட்ட வாயில் பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியே முசிறித் துறைமுகத்தையும் கரூரையும் இணைத்த பெருவழியில் கொடுமணல் அமைந்திருந்தது. முசிறிக்குப் பருவக்காற்றின் துணையால் மேலைநாட்டுக் கப்பல்கள் வந்தன. பெரில் கல் இந்தியாவுக்கு வெளியே அரிது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரிப் பிளினி எழுதினார். கொடுமணலுக்கு அண்மையிலுள்ள கத்தாங்கண்ணியில் ரோம வெள்ளிக்காசுப் புதையல் அகப்பட்டது வியப்பன்று.

அந்தப் பட்டறைகளுக்கு நீர் தந்தது நொய்யல். பிற்காலத்தில் சாயக்கழிவு அதே ஆற்றில் கலந்தது. கொடுமணலுக்கு அருகே பாசனத்துக்கென 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை முற்றும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அதன் பின்னரே வலுப்பெற்றது.

கல்லின் தன்மையும் நெருப்பின் தன்மையும் அறிந்து வாழ்ந்தது கொடுமணல். நீரின் தன்மையையும் அறிந்து தொழில் செய்வது நம் கடமையல்லவா?