ரேடியம் பேலஸில் ரூம் போட்டு ஒரு குளியல்

லீவு போட்டு, காசு கட்டி, மூணு வாரம் தங்கி, கதிரியக்கத் தண்ணியில குளிச்சிட்டு வர்றதுக்குன்னே ஒரு ஊர் இருக்கு. செக் நாட்டுல, ஜெர்மன் எல்லையை ஒட்டின மலைக்காட்டுக்குள்ள. பேரு யாஹிமோவ். அங்க இருக்கற பெரிய ஹோட்டல் பேரே ரேடியம் பேலஸ். 1912ல திறந்தது, இன்னைக்கும் அதே பேரு.

கதை வெள்ளியில ஆரம்பிக்குது. 1516ல இங்க வெள்ளி கிடைச்சதும் காட்டுக்குள்ள ஒரு ஊரே முளைச்சுது. அப்போ ஜெர்மன் பேரு, யோவாக்கிம்ஸ்தால். அங்க அடிச்ச வெள்ளிக்காசு யோவாக்கிம்ஸ்தாலர். வாயில நுழையலையா? ஜனங்களுக்கும் நுழையல. 'தாலர்'னு சுருக்கினாங்க. டாலர்ங்கற வார்த்தை வந்த வழி இதுதான்.

1527ல இந்த ஊருக்கு டாக்டரா வந்தவர் கியோர்கியுஸ் அக்ரிகோலா. சுரங்கத் தொழில் பத்தி அவர் எழுதின பெரிய புத்தகம், அவர் இறந்த மறுவருஷம் 1556ல வெளியாச்சு. கார்பாத்தியன் மலைச் சுரங்கப் பகுதியில ஏழு புருஷன்களை நெஞ்சு நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருக்காங்கன்னு அதுல பதிவு பண்றார். உள்ளே காத்து போக இயந்திரம் வையுங்க, தூசிக்கு முகத்துல துணி கட்டுங்கன்னும் சொல்றார். 16ஆம் நூற்றாண்டுல மாஸ்க் போடச் சொன்ன டாக்டர்!

வெள்ளி குறைஞ்ச பிறகு, அதுகூட வந்த கருப்புக் கல்லுக்கு மவுசு வந்துச்சு. அதுதான் பிட்ச்பிளெண்ட். அதுல இருந்து யுரேனியத்தை எடுத்து கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் மஞ்சள் சாயம் பண்ணாங்க. மிச்சத்தைக் காட்டுல கொட்டினாங்க. அந்தக் குப்பையைத்தான் மேரி கியூரி ஆஸ்திரிய அரசுகிட்ட கேட்டு டன் கணக்குல பாரிஸுக்கு வரவழைச்சார். 1898ல ரேடியம் இருக்குன்னு அறிவிச்சவர், அதைக் காய்ச்சிக் காய்ச்சி 1902ல பிரிச்சு எடுத்தது சுமார் 0.1 கிராம் ரேடியம் குளோரைடு.

அதுக்கப்புறம் ரேடியம்னா உலகமே பைத்தியமாச்சு. சுரங்கத் தண்ணியிலயும் கதிரியக்கம் இருக்குன்னு தெரிஞ்சதும் 1906ல யாஹிமோவ்ல வைத்தியக் குளியல் ஆரம்பம். ஆறே வருஷத்துல அரண்மனை மாதிரி ஹோட்டல்.

ஒரு டாக்டரா என்னை உறுத்தறது இந்த 1912தான். ஏன்னா, அதே மலைத்தொடரோட ஜெர்மன் பக்கம் ஷ்னீபெர்க்னு ஒரு சுரங்க ஊர். அங்க தொழிலாளிகளைக் கொல்றது நுரையீரல்ல வர்ற புற்றுக்கட்டின்னு இரண்டு டாக்டர்கள் 1879லயே எழுதிட்டாங்க. ஹோட்டல் திறக்க 33 வருஷம் முன்னாடி. ஆனா காரணம் ரேடான்னு உறுதியாக இன்னும் பல பத்தாண்டுகள் ஆச்சு.

ரேடான் ஒரு வாயு. நிறம் இல்ல, மணம் இல்ல. அரை ஆயுள் 3.8 நாள்தான். அது சிதைஞ்சு பிறக்கற பொலோனியம் மாதிரி துகள்கள் தூசியோட சேர்ந்து மூச்சுக்குழாய்ல ஒட்டிக்கும். அங்க உக்காந்து ஆல்ஃபா கதிரை உமிழும். காத்தோட்டம் இல்லாத சுரங்கத்துல வருஷக்கணக்கா மூச்சு விட்டா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் சோவியத் அணுகுண்டுத் திட்டத்துக்கு யுரேனியம் வேணும். முதல்ல ஜெர்மன் போர்க்கைதிகளை இறக்கினாங்க. 1949ல இருந்து அரசியல் கைதிகள்: பாதிரியார்கள், மாணவர்கள், நிலத்தைக் கொடுக்க மாட்டேன்னு சொன்ன விவசாயிகள். சுரங்கங்களோட பேரைக் கேளுங்க: சமத்துவம், சகோதரத்துவம், ஒற்றுமை. பக்கத்துல விக்மனோவ்ல ஒரு செங்கல் கோபுரம். கைதிகள் அங்க வெறுங்கையால தாதுவை நொறுக்கி, பீப்பாய்ல அடைச்சு, ரயில் ஏத்தினாங்க. மரண கோபுரம்னு பேரு. இன்னும் நிக்குது.

அங்கயும் மத்த செக் சுரங்கங்கள்லயும் வேலை பார்த்த யுரேனியத் தொழிலாளிகளை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து ஆய்வுகள் நடந்துச்சு. எவ்வளவு ரேடான், எவ்வளவு நுரையீரல் புற்றுநோய்ங்கற கணக்குக்கு உலகத்துல இருக்கற முக்கியமான ஆதாரங்கள்ல அதுவும் ஒன்னு. இன்னைக்கு ஐரோப்பாவுல ஒரு வீட்டோட அடித்தளத்துல இவ்வளவு ரேடானுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சொல்றாங்கன்னா, அந்த எண்ணுக்குப் பின்னாடி சுரங்கத்துல உழைச்சவங்க நுரையீரல் இருக்கு.

இப்போ குளியலுக்கு வருவோம். தண்ணி எங்க இருந்து வருது தெரியுமா? அதே 'ஒற்றுமை' சுரங்கத்துல, சுமார் 500 மீட்டர் ஆழத்துல இருந்து. வாதநோய், முதுகெலும்பு இறுகிப்போற ஸ்பாண்டிலைடிஸ் நோயாளிகள்தான் அதிகம் வர்றாங்க. ஒரு குளியல் 20 நிமிஷம். தோல் வழியா உள்ள போற ரேடான் சில மணி நேரத்துல மூச்சோட வெளியேறிடும். சில மாசம் வலி குறையுதுன்னு சொல்ற ஆய்வுகள் இருக்கு, ஆனா சின்னச் சின்ன ஆய்வுகள். என் நோயாளி யாராவது கேட்டா, பயமுறுத்த மாட்டேன். சாப்பிடற வாத மருந்தை நிறுத்திட்டுப் போகாதீங்கன்னு மட்டும் கறாரா சொல்வேன்.

குளிச்சிட்டு வெளிய வந்தா நடக்கறதுக்கு ஒரு பாதை இருக்கு. பழைய கைதி முகாம்கள் இருந்த இடங்கள் வழியா காட்டுக்குள்ள போகுது. அதுக்கு அவங்க வெச்ச பேரு, 'யாஹிமோவ் நரகம்'. ஹோட்டல்ல இருந்து நடக்கற தூரம்தான்.