முகம் காணா ஆடுகளத்தில் முறைமை

அரபு மொழியில் ‘அதபு’ என்னும் சொல் இலக்கியத்தையும் குறிக்கும், நன்னடத்தையையும் குறிக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்த மக்கள், நாவை ஆள்வதும் நடத்தையை ஆள்வதும் ஒரே கல்வி என்று கருதினர் போலும். அக்கல்விக்கு ஆசான் அருகில் இருப்பவரின் முகமே. சதுரங்கப் பலகையின் இரு மருங்கும் அமர்வோர்க்கு இடையே ஒரு முழத் தொலைவுதான். எதிரில் இருப்பவர் மகிழ்வதும் வாடுவதும் கண்ணுக்குத் தெரியும். வென்றவர் எள்ளி நகையாடலாகாது, தோற்றவர் பலகையைக் கலைத்துவிட்டு எழலாகாது என்பதை ஏட்டில் எழுதி வைக்க வேண்டிய தேவை எழவில்லை.

இன்று நம் இல்லத்துப் பிள்ளைகள் ஆடும் கணிப்பொறி ஆட்டங்களில் அந்த முகம் இல்லை. எந்த நாட்டினர், என்ன வயதினர் என்றறியாத நால்வரோடு சேர்ந்து, அவ்வாறே அறியாத ஐவரை எதிர்த்து ஆடுகிறார்கள். வீட்டில் பெரியவர் முன் குரல் உயர்த்தாத பிள்ளை, காதில் ஒலிக்கருவியை மாட்டியதும் முன்பின் அறியாதவரை ஏசுவதைக் கேட்டுத் திடுக்கிடும் பெற்றோர் பலர். இம்முறைகேடு கைப்பேசியோடு பிறந்ததென்று அவர்கள் எண்ணுகிறார்கள். அதன் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதற்கு அணை கட்ட முயன்றோரின் வரலாறும் ஏறத்தாழ அவ்வளவு பழையதே.

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டு ராய் டிரப்ஷா என்னும் மாணவர் ‘மட்’ என்ற ஆட்டத்தைத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் என்பார் அதனை வளர்த்தார். படமில்லை, ஒலியில்லை, எல்லாம் எழுத்து. பலர் ஒரே நேரத்தில் ஒரு கற்பனை நாட்டில் உலவலாம், பேசலாம், ஒருவரை ஒருவர் வீழ்த்தவும் செய்யலாம். பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரையில் ஆடுவோரை நான்கு வகையாகப் பிரித்தார். பொருள் சேர்ப்போர், புதுமை தேடுவோர், பேசிப் பழக வருவோர் என மூவகையினர் போக, பிறரைத் துன்புறுத்துவதிலேயே இன்பம் காண்போர் நான்காம் வகையினர். அவர்கள் எல்லா ஆட்டத்திலும் இருப்பர். அவர்களை என்ன செய்வது என்பதே பின்வந்த வரலாறு.

அமெரிக்காவில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தார் 1986இல் ‘ஹாபிடாட்’ என்னும் ஆட்டத்தைச் சோதனைக்கு விட்டனர். சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி ஃபார்மர் ஆகிய இருவர் அதன் சிற்பிகள். திரையில் ஆடுவோரின் உருவத்துக்கு ‘அவதார்’ என்று பெயர் வைத்தனர். நம் நாட்டு ‘அவதாரம்’ கடல் கடந்து போய், கணிப்பொறிக்குள் குடியேறி, மீண்டும் நம் பிள்ளைகளின் வாயிலேயே திரும்பி வந்திருப்பது வேடிக்கைதான்!

அந்த ஆட்டத்தில் ஓர் அவதாரைக் கொன்றால், அது தன் தலையைத் தானே கையில் ஏந்தியபடி வீட்டில் போய் விழும், பை காலியாகிவிடும். கையில் வைத்திருந்த பொருள் கொலைக்களத்திலேயே கிடக்கும், கொன்றவன் எடுத்துக்கொள்வான். ஆட்டம் தொடங்கிய சிறிது காலத்திலேயே வழிப்பறியும் கொலையும் மலிந்தன. இது குற்றமா, விளையாட்டின் ஒரு பகுதியா என்று ஆடுவோரிடமே வாக்கெடுத்தார்கள். சரிபாதியினர் குற்றம் என்றனர். சரிபாதியினர் விளையாட்டு என்றனர். இறுதியில் ஊருக்குள் ஆயுதம் செல்லாது, ஊருக்கு வெளியே காட்டுச் சட்டம் என்று ஏற்பாடாயிற்று. நமக்கு இதைவிட வியப்பளிப்பது வேறொன்று. வெளியுலகில் கிரேக்கத் திருச்சபையின் மதகுருவாக இருந்த ஒருவர் அந்த ஆட்டத்துக்குள் ஒரு சபையை நிறுவினார். அதில் சேர்ந்தவர் ஆயுதம் ஏந்தலாகாது, திருடலாகாது, எவ்வகை வன்முறையிலும் ஈடுபடலாகாது. நிறுவனம் விதித்த சட்டமன்று அது; ஆடுவோர் தமக்குத் தாமே ஏற்றுக்கொண்ட நோன்பு. அந்தச் சபைக்கு அங்கே நல்ல மதிப்பு இருந்தது. பின்னர் ஊர்க்காவலர் ஒருவரையும் தேர்ந்தெடுத்தனர். தேர்ந்தெடுத்த பிறகுதான் அவருக்கு எவ்வளவு அதிகாரம் தருவது என்ற விவாதமே எழுந்தது!

அடுத்த நிகழ்ச்சி கசப்பானது. ஆயினும் அதைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய பாவெல் கர்ட்டிஸ் என்பவர் ‘லாம்டாமூ’ என்றோர் எழுத்துலகைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமைத்தார். மட்டின் வழிவந்தது அது. ஆயினும் வெற்றி தோல்வியைவிடக் கூடிப் பழகுவதே அங்கே முதன்மை. 1992இன் இறுதியில், இனி ஆடுவோரின் பூசல்களில் நிர்வாகிகள் தலையிடமாட்டார்கள் என்று கர்ட்டிஸ் அறிவித்துவிட்டார். அடுத்த ஆண்டே சோதனை வந்தது. கோமாளி வேடம் பூண்ட ஒருவன், பலர் கூடியிருந்த பொது அறையில், ஒரு தந்திர நிரலின் துணைகொண்டு, மற்றவர் தாமே செய்வதுபோல் மானக்கேடான செயல்களை அவர்கள் பெயரில் எழுதிக் காட்டினான். பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி மறுநாள் அதைக் கண்டித்துப் பொதுவில் எழுதினார். எழுதுகையில் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது என்று அவர் பின்னர் கூறியதை, இந்நிகழ்ச்சியை ‘வில்லேஜ் வாய்ஸ்’ ஏட்டில் 1993 டிசம்பரில் எழுதிய ஜூலியன் டிபெல் பதிவு செய்துள்ளார். மேனியில் ஒரு விரலும் படவில்லை. ஆயினும் அந்தக் கண்ணீர் பொய்யன்று.

மூன்றாம் நாள் பஞ்சாயத்துக் கூடியது. முப்பது பேரளவில் வந்திருந்தனர். அவனை அவ்வுலகிலிருந்தே அகற்ற வேண்டும் என்றனர் சிலர். விதியில்லாதபோது தண்டனை எப்படி என்றனர் சிலர். குற்றவாளியும் வந்தான். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, தன் உண்மை வாழ்வில் அதற்கு எந்த விளைவும் இல்லை என்பதுபோல் பதிலளித்தான். தன் வாழ்வை மட்டுமே அவன் கணக்கில் எடுத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நாழிகைகள் கடந்தும் முடிவு பிறக்கவில்லை. கூட்டம் கலைந்த பின், நிர்வாகிகளுள் ஒருவர் தனியாக இருந்து சிந்தித்து, தம் பொறுப்பிலேயே அவன் கணக்கை அழித்தார். ஊர் திரும்பிய கர்ட்டிஸ், மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட ஒரு முறையை ஏற்படுத்தினார். ஆயினும் 1996இல் நிர்வாகிகள் பழைய அறிவிப்பைத் திரும்பப் பெற்றனர். கருவியை ஆள்பவர் மனிதரை ஆளும் பொறுப்பிலிருந்து விலகி நிற்க முடியாது என்பதை அவர்கள் உணர நான்காண்டுகள் ஆயின.

1997இல் வெளிவந்த ‘அல்டிமா ஆன்லைன்’ ஆட்டத்தில் பல்லாயிரவர் குழுமினர், கொள்ளையரும் குழுமினர். கொலை புரிந்தவர் பெயரைச் செந்நிறத்தில் காட்டிப் பார்த்தார்கள். பழிச்சின்னத்தைச் சிலர் விருதாகவே சூடிக்கொண்டனர். 2000ஆம் ஆண்டில் நிறுவனத்தார் அந்த உலகையே இரண்டாக்கி, ஒன்றில் இசைவின்றி எவரையும் தாக்க முடியாதபடி செய்தனர். மக்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே சென்றுவிட்டார்கள். அச்சமில்லாத உலகில் சுவையில்லை என்று வருந்தியவர்களும் உண்டு. அவ்வருத்தம் முற்றிலும் பொருளற்றது என்று நாம் சொல்லமாட்டோம். களவுக்கு வாய்ப்பே இல்லாத இடத்தில் காவலருக்கும் நட்புக்கும் வேலை குறைந்துவிடுகிறது.

‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ என்னும் ஆட்டத்தார் 2011இல் ஆடுவோரையே நடுவராக்கி ஒரு நீதிமன்றம் அமைத்தனர். 2014இல் அதை நிறுத்தினர். அதைவிடப் பயன் தந்தது ஒரு சிறு மாற்றம். எதிரணியோடு பேசும் வசதியைத் தாமே திறந்தாலன்றித் திறவாதபடி வைத்தார்கள். பேச்சின் அளவு ஏறத்தாழ அப்படியே இருக்க, ஏச்சு மட்டும் மூன்றில் ஒரு பங்களவு குறைந்ததென அவர்கள் தெரிவித்தனர். நாவுக்கும் சினத்துக்கும் இடையே ஒரு கணம் தாமதம் போதுமாயிருந்தது.

எவரும் விதிக்காமலே முளைத்த மரபும் ஒன்றுண்டு. 1998இல் வெளியான ‘ஸ்டார்கிராஃப்ட்’ போர் ஆட்டம் தென் கொரியாவில் பெரும் போட்டியாக வளர்ந்தது. தோல்வி உறுதியானதும் தோற்பவர் ‘நல்ல ஆட்டம்’ என்று பொருள்படும் ‘ஜி ஜி’ என்ற ஈரெழுத்தைத் தட்டிவிட்டு விலகுவார். அதைச் சொல்லாமல் விலகுவது பண்பன்று. வெல்பவர் அதை முந்திச் சொன்னாலோ அவமதிப்பு. ஒரே சொல், யார் முதலில் சொல்கிறார் என்பதைப் பொறுத்துப் பணிவாகவும் பரிகாசமாகவும் மாறுவதைப் பாருங்கள்! பலகையருகே முகம் கற்பித்ததை இங்கே இரண்டு எழுத்துகள் கற்பிக்கின்றன.

2012இல் வந்த ‘ஜர்னி’ என்ற ஆட்டத்தில் இரு அந்நியர் ஒரு பாலைவனத்தைக் கடந்து மலையுச்சிக்குச் செல்ல வேண்டும். அதன் தலைமைச் சிற்பி ஜெனோவா சென், முதல் சோதனைகளில் ஒருவரை ஒருவர் தள்ளி விழச் செய்வதையே ஆடுவோர் விரும்பியதாகக் கூறியிருக்கிறார். இடித்தால் உடனே ஏதேனும் நிகழ்கிறது. அந்த நிகழ்ச்சிதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. எனவே இடிக்க முடியாதபடி மாற்றினார். அருகில் நெருங்கினால் இருவருக்குமே பறக்கும் ஆற்றல் கூடும்படி அமைத்தார். பேச வழியில்லை, ஓர் இசையொலி எழுப்பலாம், அவ்வளவே. தள்ளி விளையாடிய மனிதரைப் போன்றவர்களே, பனிப்புயலில் ஒருவரை ஒருவர் ஒட்டி நடக்கலானார்கள். உடன் நடந்தவர் யார் என்பதை ஆட்டம் முடிந்த பின், கடைசித் திரையில், பெயராக மட்டும் காட்டுவார்கள்.