பானெட்டுக்கு மேல ஒரு மூச்சுக்குழாய்

இன்னிக்கு எபிசோட் ஒரு பிவிசி பைப்புல ஆரம்பிக்குது.

கண்ணமங்கலத்துல என் நண்பன் ஒருத்தன் பழைய டீசல் ஜீப் ஒண்ணு வெச்சிருக்கான். வேலூர்லேர்ந்து திருவண்ணாமலை போற ரோட்டுல, ஜவ்வாது மலை அடிவாரத்துல இருக்கற ஊர் அது. பக்கத்துல நாகநதி. வருஷத்துல பாதி நாள் அதை நதின்னு சொன்னா சிரிப்பாங்க, வெறும் மணல். ஆனா ஐப்பசி, கார்த்திகையில மலைமேல விடாம பெஞ்சா, செம்மண் கலர்ல தண்ணி இறங்கி வரும். மழைக்கு முன்னாடி ஒரு நாள் அவன் ஹார்டுவேர் கடையில மூணு இன்ச் பைப், ரெண்டு எல்போ, நாலு ஹோஸ் கிளாம்ப் வாங்கிட்டு வந்தான். "ஸ்நார்க்கல் மாட்டப் போறேன்டா. இனிமே தரைப்பாலத்துல தண்ணி ஓடுனாலும் நம்ம வண்டி போகும்"ன்னான்.

எனக்கு அந்தப் பைப்பைப் பார்த்ததும் வந்த கேள்வி வேற. இந்த யோசனை முதல்ல யாருக்கு வந்துச்சு?

பதில் ரோட்டுல இல்ல, கடலுக்கடியில இருக்கு. அந்தக் கால நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஒரு பெரிய தலைவலி. தண்ணிக்கடியில பேட்டரியில ஓடும். பேட்டரி தீர்ந்தா மேல வந்து, டீசல் எஞ்சினை ஓட்டி சார்ஜ் ஏத்தணும். மேல வந்தா எதிரி பார்த்துடுவான். 1930-கள்ல டச்சுக் கடற்படை இதுக்கு ஒரு வழி பண்ணுச்சு. கப்பல் உள்ளேயே இருக்கட்டும், ஒரு குழாய் மட்டும் வெளிய தலை நீட்டி காத்தை இழுக்கட்டும். 1940 மே மாசம் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடிச்சப்போ இந்த டெக்னிக்கும் சேர்ந்து கைக்கு வந்துச்சு. உடனே அதை அவங்க பெருசா எடுத்துக்கல. நேச நாட்டு விமானங்கள் ரேடார் வெச்சு வேட்டையாட ஆரம்பிச்ச பிறகுதான், 1943-44 வாக்குல, தங்களோட யு-போட்கள்ல மாட்டினாங்க. ஸ்நார்க்கல்ங்கற பேரே ஜெர்மன் மொழியிலேர்ந்து வந்ததுதான்.

ஒரு விஷயத்தை இங்க மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும். அலை வந்து குழாயோட வாயை மூடினா, தண்ணி உள்ள வராம ஒரு வால்வு அடைச்சுக்கும். ஆனா டீசல் எஞ்சினுக்கு அது தெரியாது. கப்பலுக்குள்ள இருக்கற காத்தையே இழுக்கும். ஆளுங்களுக்குக் காது வலி உயிர் போகும்.

தண்ணியைப் பார்த்து எஞ்சின் ஏன் இப்படி பயப்படணும்? காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. பிஸ்டன் மேல வரும்போது சிலிண்டர்ல காத்துக்குப் பதிலா தண்ணி இருந்தா, பிஸ்டனுக்குப் போக இடம் இல்ல. கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். 2015 டிசம்பர்ல சென்னையில வெள்ளத்துல நின்ன கார்களை, தண்ணி வடிஞ்சதும் அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணவங்களுக்கு இது நல்லாவே தெரியும். சாதாரண இன்ஷூரன்ஸ்ல இந்தச் செலவு கிடைக்காதுன்னு பல பேருக்கு அப்போதான் புரிஞ்சுது.

சரி, ஜீப்புக்கு வருவோம். 1944 ஜூன் 6, நார்மண்டி. கப்பல்லேர்ந்து இறங்கற ஒவ்வொரு வண்டியும் கொஞ்ச தூரம் கடல்லயே நடந்து கரை ஏறணும். வில்லிஸ் ஜீப்போட காத்துக் குழாயையும் புகைக் குழாயையும் மேல நீட்டினாங்க. அது பெட்ரோல் வண்டிங்கறதால இன்னொரு தொல்லை, ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், ஒயர் எதுலயும் ஈரம் படக்கூடாது. கல்நார் கலந்த கிரீஸை எடுத்து, களிமண் அப்பற மாதிரி எல்லா சந்துலயும் அப்பினாங்க. கரை ஏறினதும் அதை உரிச்சு எடுக்கணும், இல்லன்னா எஞ்சின் சூடாகிடும். இந்தப் பாடத்தை எல்லாம் வெச்சு 1950-ல வந்த எம்-38 ஜீப்புல, 24 வோல்ட் மின் இணைப்பையே தண்ணி புகாத மாதிரி பண்ணி, ஆழமான தண்ணியில இறங்கற கிட் மாட்டவும் வசதி வெச்சாங்க.

நம்ம ஊருக்கு 1947-லயே மஹிந்திரா மூலமா வில்லிஸ் ஜீப் வந்தாச்சு. ஆனா குழாய் வரல. வந்தது வண்டி மட்டும்தான்.

தமிழ்நாட்டுல ஸ்நார்க்கல் எங்க இருக்குன்னு கேட்டா, ஆவடிய சொல்லணும். அங்க கனரக வாகனத் தொழிற்சாலையில தயாரான டி-72 டாங்கியோட கோபுரத்துக்குப் பின்னாடி ஒரு நீளமான உருளை படுத்திருக்கும், பார்த்திருப்பீங்க. அதுதான். அதை நிமிர்த்தி மாட்டினா, 41 டன் டாங்கி 5 மீட்டர் ஆழ ஆத்துக்கடியில ஓடும். மாட்டலன்னா 1.2 மீட்டர்தான். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு சந்தையும் அடைக்கணும், ஆத்தோட தரை எப்படி இருக்குன்னு ஆள் விட்டுப் பார்க்கணும். கவனிங்க, ராணுவமே குழாயை மட்டும் நம்பி இறங்கறதில்ல.

அப்புறம் நம்ம டிராக்டர்! சேடை ஓட்டும்போது கேஜ் வீல்ல அது சேத்துல நீந்தும், ஆனா மூக்கு பானெட்டுக்கு மேல இருக்கும். முக்கியமா தூசிக்காகத்தான் அந்த உயரம். ஜீப் ஸ்நார்க்கலும் தினசரி உழைக்கறது தூசிக்குத்தான். முன்னாடி போற வண்டி கிளப்பற புழுதி கூரை உயரத்துல குறைவா இருக்கும்.

இப்போ ஃபோர்ஸ் கூர்க்கா மாதிரி வண்டி கம்பெனியிலேர்ந்தே ஸ்நார்க்கலோட வருது, 700 மில்லிமீட்டர் தண்ணி வரைக்கும் போகலாம்னு சொல்றாங்க. நாமளா மாட்டறதுன்னா முதல்ல ஆர்டிஓ-கிட்ட கேட்டுக்கறது நல்லது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தற விஷயத்துல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ரொம்ப கறாரா தீர்ப்பு சொல்லியிருக்கு.

நண்பன் கேக்கல, மாட்டிட்டான். பெயின்ட் அடிச்சதும் நிஜமாவே அழகா இருந்துச்சு. நான் சொன்னேன், எஞ்சினை ஸ்லோவுல ஓடவிட்டு, பைப்போட வாயை உள்ளங்கையால அழுத்தி மூடு. நீர்மூழ்கிக் கதைதான் இது. வேற எங்கேயும் காத்து கிடைக்கலன்னா எஞ்சின் திணறி நிக்கணும்.

மூடினான். எஞ்சின் நிக்கல. ஜம்முனு ஓடிட்டே இருந்துச்சு.

அதாவது எங்கேயோ கீழ ஓட்டை. காத்து போற ஓட்டையில தண்ணியும் போகும். மேல குழாய் இருக்குன்னு தைரியமா நீங்க ஆழத்துல இறங்குவீங்க, எஞ்சின் பானெட்டுக்குள்ள தண்ணி குடிச்சிட்டிருக்கும். பைப்பே இல்லாதவன் இறங்கியிருக்கவே மாட்டான். தேடினோம். ஃபெண்டருக்குள்ள இருந்த எல்போ ஜாயின்ட் ஒண்ணு, ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு அடியில தண்ணி வடிய விட்ட சின்ன ஓட்டை ஒண்ணு. ரெண்டையும் அடைச்சு, மூணாவது தடவை கையை வெச்சப்போ எஞ்சின் குலுங்கி நின்னுச்சு. உள்ளங்கையில வட்டமா சிவப்புத் தடம்.

கார்த்திகையில மழை வந்துச்சு. தரைப்பாலத்துக்கு மேல முழங்கால் அளவுக்கு செந்தண்ணி. ஸ்நார்க்கல் எஞ்சினுக்கு மூச்சு கொடுக்கும், டயருக்குப் பிடி கொடுக்காது. ரெண்டு அடி ஆழத்துக்கு வேகமா ஓடற தண்ணி பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிட்டுப் போயிடும். பாலத்தோட விளிம்பு எங்க முடியுதுன்னும் கலங்கல்ல தெரியாது. நண்பன் ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தான். அப்புறம் ரிவர்ஸ் எடுத்து, ஜீப்பை மேட்டுல நிறுத்திட்டு டீக்கடைக்கு வந்தான். சாயங்காலம் தண்ணி இறங்கினதும், ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் போன பின்னாடியே நாங்களும் போனோம்.