சைக்கிளும் சர்க்கரையும்

முதல் வகை நீரிழிவு, நடுத்தர வயதில் வரும் சர்க்கரை வியாதியிலிருந்து வேறுபட்டது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடும். பெரும்பாலும் சிறு வயதிலேயே தாக்கும். 1922-க்கு முன் இந்நோய் வந்தால் மரணம் என்றே பொருள். அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் ஆலன் நோயாளிகளை ஏறக்குறையப் பட்டினி போட்டுத்தான் அவர்கள் ஆயுளைக் கொஞ்சம் நீட்டித்தார். அந்த நிலையில் ஓடுவதாவது, சைக்கிள் மிதிப்பதாவது!

1921-ல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது சரியாக வேலை செய்யவில்லை. காலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்துதான் அவனைப் பிழைக்க வைத்தது.

உயிர் பிழைத்தாயிற்று, உடற்பயிற்சி செய்யலாமா? இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்.டி.லாரன்ஸ். அவரே ஒரு நீரிழிவு நோயாளி. 1923 முதல் இன்சுலின் போட்டுக்கொண்டவர். உடற்பயிற்சி இன்சுலினின் வேகத்தைக் கூட்டுகிறது என்று 1926-ல் அவர் எழுதினார்.

இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. உழைக்கும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை வேகமாக இழுத்துக்கொள்ளும். ஆரோக்கியமானவருக்கு அப்போது இன்சுலின் சுரப்பு தானாகவே குறைந்துவிடும். ஊசியில் போட்ட இன்சுலினையோ திரும்ப எடுக்க முடியாது. சர்க்கரை சரிந்து, பாதி வழியில் மயங்கி விழ நேரலாம். பயந்துபோய் இன்சுலினை ரொம்பவும் குறைத்தால் சர்க்கரை ஏறி, ரத்தத்தில் கீட்டோன் சேரும். அதுவும் உயிருக்கு ஆபத்து.

இந்தக் கத்தி முனையில் நடக்க, சர்க்கரை அளவு உடனுக்குடன் தெரிய வேண்டும். நோயாளிகளுக்குப் பல்லாண்டுகள் கிடைத்ததோ சிறுநீர்ப் பரிசோதனை மட்டுமே. அது சொன்னது சில மணி நேரத்துக்கு முந்தைய கதை. 1980-களில் வீட்டிலேயே ரத்தம் சோதிக்கும் கருவி பரவியது. 1996-ல் வேகமாக வேலை செய்யும் இன்சுலின் வந்தது. பிறகு தோலுக்கடியில் பொருத்தும் சென்சார் வந்தது.

அமெரிக்காவின் பில் சதர்லேண்டுக்கு ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோதே இந்நோய். 25 வயதைத் தாண்டமாட்டான் என்று அவர் தாயிடம் சொன்னார்கள். கல்லூரிக் காலத்தில் ஜோ எல்ட்ரிட்ஜ் என்ற சக சைக்கிள் வீரருடன் ஒரு பந்தயம் கட்டினார். எல்ட்ரிட்ஜுக்கும் இதே நோய். யாருக்குச் சர்க்கரை அதிகமோ அவர் சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும். கவனமில்லாமல் இருந்த எல்ட்ரிட்ஜ், பர்ஸைக் காப்பாற்றவே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்!

இருவரும் சேர்ந்து டீம் டைப் 1 என்ற அணியைத் தொடங்கினர். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் சுமார் 3,000 மைல் சைக்கிள் பந்தயத்தில், எட்டுப் பேர் அணிகளுக்கான பிரிவில், 2006-ல் இரண்டாம் இடம் பிடித்தனர். 2007-ல் முதலிடம். வீரர்கள் அனைவரும் முதல் வகை நீரிழிவுக்காரர்கள்.

2013-ல் இவ்வணி டீம் நோவோ நார்டிஸ்க் என்ற பெயரில், நீரிழிவு வீரர்கள் மட்டுமே கொண்ட தொழில்முறை அணியாக மாறியது. இன்சுலின் நூற்றாண்டான 2021-க்குள் டூர் டி பிரான்ஸில் ஓட்டுவதே அதன் லட்சியம். அது கைகூடவில்லை. ஆனால் பட்டினி கிடந்து நாட்களை எண்ணிய நோயாளிகளின் வாரிசுகள், மிலான்-சான்ரெமோ போன்ற 300 கிலோமீட்டரை நெருங்கும் பந்தயங்களில் சைக்கிள் மிதித்துவிட்டார்கள்.