அன்ரெஸ்ட்

போபாலைச் சேர்ந்த பைரோடாக்டில் கேம்ஸ் என்ற சிறு குழு 2014 ஜூலையில் வெளியிட்ட கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டு (ஆர்.பி.ஜி.). இதற்காக 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற திரள்நிதித் தளத்தில் 3,000 டாலர் கேட்டார்கள். 36,000 டாலருக்கு மேல் சேர்ந்தது.

பண்டைய இந்தியாவின் சாயலில் கற்பனை செய்யப்பட்ட பீம்ரா என்னும் நகர அரசுதான் களம். ஊரில் பஞ்சம். ஆட்சிமேல் மக்களுக்குக் கசப்பு. மறுபக்கம் பாம்பு மனிதர்களான நாகர்களோடு பேச்சுவார்த்தை. வாள்வீச்சு இங்கே அபூர்வம், பேச்சுதான் ஆயுதம். எதிரில் நிற்பவர் நம்மேல் வைத்திருக்கும் நட்பு, மதிப்பு, அச்சம் மூன்றும் ஒவ்வொரு பதிலுக்கும் ஏறி இறங்கும். ஆடுபவர் ஒரே வீரனாக இருப்பதில்லை, அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறுகிறார். அவர்களில் ஒருத்தி, வீட்டார் நிச்சயித்த கல்யாணத்தில் சிக்கிய குடியானவர் வீட்டுப் பெண். சம்மதிப்பதா, தட்டிக்கழிப்பதா, ஓடிப்போவதா? கோவை மதுக்கரைப் பக்கம் தோட்டத்துச் சாளைத் திண்ணையில் கேட்காத பேச்சா இது! அரக்கனை வெட்டுவதைவிட அப்பாவிடம் வாய்திறப்பதே கடினம் என்று காட்டிய இந்த இடம்தான் ஆட்டத்தின் உச்சம்.

பாத்திரம் செத்தாலும் ஆட்டம் முடியாது. அந்தச் சாவைச் சுமந்துகொண்டு கதை நகரும். ஆனால் முழுக்கதையும் சில மணி நேரத்தில் முடிந்துவிடுவது குறைதான். இதன் மூலநிரல் பின்னர் பொதுவில் திறந்துவிடப்பட்டது. இப்போது பழைய விளையாட்டுகளை இயக்கும் ஸ்கம்விஎம் மென்பொருளிலும் ஆடலாம்.